இயங்கும் நிரலைப் படித்துக் கற்பது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை எடுத்து, அதன் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பின்தொடர்வது நிரலாக்கம் கற்க மிகப் பழைய வழி. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் எழுதி 1951இல் வெளிவந்த நூலே நிரலாக்கத்தின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. அதிலும் கணிசமான பகுதி, கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்காக எழுதப்பட்ட துணைநிரல்களும் மாதிரி நிரல்களும்தான். புதிதாக வருபவர் அவற்றைப் படித்து, தம் தேவைக்கு மாற்றி, பிறகு சொந்தமாக எழுதலாம் என்பதே அந்நாளைய நடைமுறை.

இந்தியாவில் நிரலாக்கம் கல்கத்தாவில் தொடங்கியது. பி.சி. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், பரநகரில் உள்ள தன் வளாகத்தில் 1955இல் ஹெச்.ஈ.சி.-2எம் என்ற பிரிட்டிஷ் கணினியை நிறுவியது. நாட்டில் நிறுவப்பட்ட முதல் எண்முறைக் கணினி அது. அதில் இயங்குதளம் கிடையாது. நிரல்மொழியும் கிடையாது. கட்டளைகளை இயந்திர மொழியில், வெறும் எண்களாக எழுதித் துளை அட்டைகளில் ஏற்ற வேண்டும்.

அந்தக் கணினியின் நினைவகம் ஓயாமல் சுழலும் ஒரு காந்த உருளை. அதில் 1,024 சொற்களே அடங்கும். கட்டளைகளும் அவை கையாளும் எண்களும் உருளையின் மேற்பரப்பில் பதிவாகியிருக்கும். வேண்டிய இடம் படிப்புத் தலைக்குக் கீழே வரும்வரை கணினி காத்திருக்கும். ஒரு கட்டளையை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடும்போது, அது இருக்கும் இடம் தலையைக் கடந்து போயிருந்தால், சுற்றுப்பாதையில் ஓடும் டிராமைத் தவறவிட்டவர் அது மறுபடி சுற்றி வரும்வரை நிறுத்தத்தில் நிற்பதுபோல நிற்க வேண்டியதுதான். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் உருளை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. ஒரு லட்சம் கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரு சுற்றை இழந்தால் காத்திருப்பிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

ஹெச்.ஈ.சி. கணினிகளுக்கு மூல வடிவம் தந்தவர் லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஆண்ட்ரூ பூத். இந்தத் தாமதத்துக்கு அவர் கண்ட வழி அழகானது. அவருடைய ஏபெக்ஸ்சி கணினியில் ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையைச் சொல்வதோடு, அடுத்த கட்டளை உருளையில் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லும். கூட்டலுக்கு ஆகும் நேரத்தில் உருளை எவ்வளவு நகரும் என்று கணக்கிட்டு, நிரலாளர் அடுத்த கட்டளையைச் சரியாக அந்த இடத்தில் வைப்பார். பெருக்கல் என்றால் இன்னும் தள்ளி வைப்பார். இப்படி எழுதிய நிரலை முகவரி வரிசையில் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரு கட்டளையின் அடுத்தது பத்து இடம் தாண்டி இருக்கும், அதற்கடுத்தது பின்னால் இருக்கும். பென்சிலோடு உட்கார்ந்து, இயந்திரம் போகும் வழியிலேயே போனால்தான் பொருள் விளங்கும்.

இன்றைய நிரலையும் அப்படித்தான் படிக்க வேண்டும். கோப்பின் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை படிப்பவர் பாதியில் களைத்துப் போகிறார். மேலே எழுதப்பட்ட செயற்கூறு கடைசியில் அழைக்கப்படலாம், அழைக்கப்படாமலே போகலாம். எனவே ஓட்டம் தொடங்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்து, மாறிகளின் பெயர்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரி முடிந்ததும் அவற்றின் மதிப்பைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஆசிரியர்கள் இதை ட்ரை ரன் என்பார்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் ஒரு சிறு நிரல், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில்:

அ = 48
ஆ = 18
@( ஆ > 0 ) வரை
    மீதி = அ % ஆ
    அ = ஆ
    ஆ = மீதி
முடி
பதிப்பி அ

இதில் % என்பது வகுத்தால் கிடைக்கும் மீதியைத் தரும் குறி. முதல் சுற்றில் மீதி 12. அ 18 ஆகிறது, ஆ 12 ஆகிறது. இரண்டாம் சுற்றில் மீதி 6, அ 12, ஆ 6. மூன்றாம் சுற்றில் மீதி 0, அ 6, ஆ 0. சுற்று நிற்கிறது, திரையில் 6 வருகிறது. யூக்ளிடின் முறை இது. ஆரியபட்டரின் குட்டகம் என்னும் கணித முறையும் இதே தொடர் வகுத்தலில்தான் நிற்கிறது.

பின்தொடர்ந்து முடித்ததும் நிரலை விட்டுவிடக் கூடாது, மாற்றிப் பார்க்க வேண்டும். 48ஐயும் 18ஐயும் இடம் மாற்றினால் என்ன ஆகும்? சிறிய எண் முதலில் வந்துவிட்டதே, தவறாகுமோ என்று தோன்றும். முதல் சுற்றில் மீதி 18 ஆகி, நிரல் தானே அவற்றை இடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு சுற்று கூடும், விடை அதே 6. அடுத்து, சுற்றுக்குள் உள்ள கடைசி இரண்டு வரிகளை முன்பின்னாகப் போட வேண்டும். இப்போது ஆவுக்கு 12 வந்துவிட, அவுக்கும் அதே 12 போகிறது. அடுத்த சுற்றில் இரண்டும் 0. விடையும் 0. மதிப்பை வைக்கும் கட்டளை கணிதச் சமன்பாடு அல்ல, பழைய மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் செயல் என்பதை இந்த ஒரு சோதனை மனத்தில் பதிய வைக்கும். ஓட்டுவதற்கு முன் விடையை ஊகித்து எழுதிக்கொள்வது முக்கியம். ஊகம் பொய்க்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

தீர்வைப் படித்துக் கற்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதம் கற்கும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். தீர்வோடு தரப்பட்ட கணக்குகளைப் படித்தவர்கள், தாமே முட்டி மோதியவர்களைவிட, அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் குறைந்த பிழைகளோடும் செய்தார்கள். ஆனால் கற்பவர் தேர்ச்சி பெறப் பெற இந்தப் பலன் குறையும் என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாற வேண்டிய கட்டம் ஒன்று வந்தே தீரும்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் ஜான் லயன்ஸ் 1970களின் நடுவில், யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு நிரலை, சுமார் 9,000 வரிகள், அச்சிட்டு அதற்கு உரையும் எழுதினார். மாணவர்கள் உண்மையாகவே வேலை செய்யும் பெரிய நிரல் ஒன்றை முழுவதும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யூனிக்ஸின் அடுத்த பதிப்புக்கான உரிம விதிகள் வகுப்பறையில் அதன் நிரலைப் பாடமாக்குவதைத் தடுத்தன. லயன்ஸின் உரை நகலுக்கு நகலாக உலகம் சுற்றி, 1996இல்தான் முறைப்படி நூலாக வெளிவந்தது. அந்த ஆறாம் பதிப்பு நிரலில், படிப்பவருக்கு இது புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. தேர்வில் இது கேட்கப்படாது என்ற பொருளில் எழுதியது அது என்றும், உண்மையில் தங்களுக்கும் அந்த இடம் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார்.

நம் கல்லூரிகளில் நிரலைப் படிக்கும் பழக்கம் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிடுகிறது. மாணவர் நிரலைப் பார்த்து எழுதுகிறார், கீழே வெளியீட்டையும் எழுதிக் கையொப்பம் வாங்குகிறார். செய்முறைத் தேர்வுக்கு அதே நிரல்களை மனப்பாடம் செய்கிறார். ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கொல்கத்தாவிலும் சென்னையிலும் நிலைமை ஒன்றுதான். நிரலை எழுதித் தரும் மென்பொருள்கள் பெருகிவிட்ட இன்று இது இன்னும் பெரிய குறை. எழுதும் வேலையை இயந்திரம் செய்துவிட்டாலும், எழுதியது சரியா என்று படித்துச் சொல்ல மனிதர் வேண்டும்.

இயங்கும் நிரல் என்பதாலேயே அது பிழையற்றது ஆகிவிடாது. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது இருமத் தேடல். ஜாவா மொழியோடு வந்த இருமத் தேடல் நிரலில், தேடும் பகுதியின் இரண்டு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரு வரி இருந்தது. கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் அது குறை எண்ணாக மாறிவிடும். பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் இது நேரும் என்பதால், ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படவில்லை. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதை வெளிப்படுத்தினார். நிரலாக்கம் பற்றி ஜான் பென்ட்லி எழுதிய புகழ்பெற்ற நூலிலும் இதே பிழை இருந்தது. பேர்பெற்றவர் எழுதிய நிரலையும் சந்தேகத்தோடு படிக்கலாம்.

தொடங்குபவர் லினக்ஸ் கருநிரல் போன்ற கடலில் இறங்க வேண்டாம். இருபது முப்பது வரிகளில் முடிவது போதும். பைத்தானை நிறுவினால் அதன் நூலக நிரல்களில் பெரும்பாலானவை மூல வடிவிலேயே கணினிக்கு வந்துவிடுகின்றன. இருமத் தேடலைச் செய்யும் பைசெக்ட் கோப்பு அவற்றில் சிறியது, தெளிவானது. முன்னேறியவர்களுக்கு எக்ஸ்வி6 இருக்கிறது. லயன்ஸ் உரை எழுதிய அதே ஆறாம் பதிப்பை முன்மாதிரியாகக் கொண்டு எம்.ஐ.டி. 2006இல் மாணவர்களுக்காக உருவாக்கிய சிறு இயங்குதளம் அது. எழில், பைத்தான், எக்ஸ்வி6 ஆகிய மூன்றின் மூல நிரல்களையும் எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கலாம், மாற்றலாம்.