கொடை மலையை ஏறிவிடும் தூத்துக்குடி கார்... நஷ்ட மலையைத் தாண்டுமா?

கொடைக்கானல்:

பழனி மலையில் பக்தர்களை ஏற்றி இறக்கும் வின்ச்சும், ரோப் காரும் கரண்டில்தான் ஓடுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய பழனி, கொடைக்கானல் டாக்சிக்காரர்களுக்கு கரண்டில் ஓடும் கார் பெரிய அதிசயம் இல்லை. கவலையே வேறு. வண்டி மலை ஏறிடும், சரி. அதைச் செய்யுற கம்பெனி நிலைச்சு நிக்குமா?

டாக்சி தொழிலில் இருப்பவருக்கு இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. கைக்காசைப் போட்டு, பாக்கிக்கு கடன் வாங்கி, 5 வருஷம், 7 வருஷம் டியூ கட்ட வேண்டும். நடுவில் கம்பெனி கதவைச் சாத்தினால் டியூ நிற்காது. உதிரி பாகம்தான் நிற்கும்.

இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் பேட்டரி கார் தொழிற்சாலை போட்டிருக்கும் வியட்நாம் நாட்டு 'வின்பாஸ்ட்' நிறுவனம்தான் அது.

சில்லாநத்தத்தில் தொழிற்சாலை

தூத்துக்குடி அருகே சில்லாநத்தத்தில் உள்ள சிப்காட் வளாகத்தில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந்தேதி இந்த ஆலைக்கு அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்டு 4-ந்தேதி அவரே திறந்தும் வைத்தார். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50 ஆயிரம் கார்கள், பின்னர் 1½ லட்சம் கார்கள் என்பது திட்டம். 3 ஆயிரம் முதல் 3,500 பேர் வரை நேரடி வேலை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

2025 செப்டம்பரில் வி.எப்.6, வி.எப்.7 என்ற 2 கார்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அப்போது வி.எப்.6 காரின் ஆரம்ப விலை ரூ.16 லட்சத்து 49 ஆயிரமாக இருந்தது. வி.எப்.7 காருக்கு ரூ.20 லட்சத்து 89 ஆயிரம்.

ஏறும்போது செலவு, இறங்கும்போது வரவு

முதலில் மலைக் கணக்கு. வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் 50 கிலோ மீட்டருக்கு சற்று அதிகம். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 2 டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 10 யூனிட் கரண்டு ஆகும். சாதாரண ஓட்டத்துக்கு இன்னும் 8 யூனிட் வைத்துக்கொண்டால் மொத்தம் 18 முதல் 20 யூனிட். வி.எப்.6 காரின் பேட்டரி சுமார் 60 யூனிட் பிடிக்கும். ஆகவே மலை ஏறுவது பிரச்சினை இல்லை.

இறங்கும்போது இன்னும் விசேஷம். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோ போல மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். பிரேக் தேய்மானமும் குறையும். ஆனால் ஒரு விஷயம். மேலே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால், வருகிற கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. கொஞ்சம் இடம் விட்டு இறங்குவதுதான் லாபம்.

ஆக, வண்டி பாஸ். இனி கம்பெனிக் கணக்கு.

ஒரு காருக்கு ரூ.27 லட்சம் நஷ்டம்

வியட்நாமின் பெரிய கோடீசுவரர் பாம் நாட் வுவாங். அவர் 2017-ல் தொடங்கியதுதான் வின்பாஸ்ட். 2022-ல் பெட்ரோல் கார்களை அடியோடு நிறுத்திவிட்டு, பேட்டரி கார் மட்டும் என்று இறங்கியது. 2023 ஆகஸ்டு 15-ந்தேதி அமெரிக்க பங்குச்சந்தையில் நுழைந்தது. அந்த மாதமே ஒரு பங்கின் விலை 90 டாலரைத் தாண்டியது. போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பழம்பெரும் கம்பெனிகளைவிட அதிக மதிப்பு என்று உலகமே வாய் பிளந்தது. ஏறிய வேகத்தில் இறங்கியது. 2024-ல் பங்கு விலை 5 டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

காரணம், வரவைவிட செலவு அதிகம். 2024-ல் கம்பெனியின் வியாபாரம் சுமார் 180 கோடி டாலர். நம்ம பணத்தில் சுமார் ரூ.15 ஆயிரம் கோடி. அதே வருஷம் நிகர நஷ்டம் சுமார் 318 கோடி டாலர். அதாவது ரூ.26 ஆயிரம் கோடிக்கும் மேல்! அந்த ஆண்டு வாடிக்கையாளர்களுக்குப் போன கார்கள் 97,399. நஷ்டத்தை கார் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு காருக்கு சுமார் ரூ.27 லட்சம் கைநஷ்டம்.

எப்படி இவ்வளவு நஷ்டம்?

கொடைக்கானலில் லாட்ஜ் நடத்துபவர்களுக்கு இது சட்டென்று புரியும். 20 அறை உள்ள லாட்ஜை ஒருவர் லீசுக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லீசு, சம்பளம், கரண்டு பில் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.3 லட்சம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. ஒரு அறை வாடகை ரூ.1,000. சலவை, சோப்பு, வெந்நீர் போக ரூ.800 மிஞ்சும். மாதத்தில் 375 அறை போனால்தான் கணக்கு நேராகும். சீசன் இல்லாத மாதத்தில் 100 அறைதான் போனது என்றால் ரூ.2 லட்சத்து 20 ஆயிரம் கையைக் கடிக்கும்.

இப்போது பக்கத்திலேயே புது லாட்ஜ் வந்து ரூ.700-க்கு அறை கொடுக்கிறது. இவரும் ரூ.700-க்கு இறங்கினால் ஒரு அறைக்கு மிஞ்சுவது ரூ.500. 30 நாளும், 20 அறையும் ஹவுஸ்புல் ஆனால்தான் தலை தப்பும்.

கார் தொழிற்சாலையும் இதே கதைதான். ஆலை, மெஷின், ஷோரூம், புது மாடல் ஆராய்ச்சி எல்லாம் முன்கூட்டியே போட்ட பணம். நிறைய கார் விற்றால்தான் அது பிரிந்து போகும். வின்பாஸ்ட் நிலைமை லாட்ஜ்காரரைவிட மோசம். 2024-ல் 100 ரூபாய்க்கு விற்ற பொருளுக்கு அதன் அடக்கச் செலவே 150 ரூபாயைத் தாண்டியது.

அப்படியானால் கம்பெனி எப்படி ஓடுகிறது? முதலாளி தாங்கிப் பிடிக்கிறார். 2024 நவம்பரில், தன் சொந்தப் பணத்தில் இருந்து 50 லட்சம் கோடி டாங் (வியட்நாம் பணம்) தருவதாக வுவாங் அறிவித்தார். அவரது தாய்க் கம்பெனி வின்குரூப் 35 லட்சம் கோடி டாங் வரை கடன் தருவதாகச் சொன்னது. இரண்டும் சேர்ந்து 300 கோடி டாலருக்கு மேல். தவிர, 2023-ல் விற்ற கார்களில் பெரும்பகுதியை வாங்கியதும் வுவாங் தொடங்கிய டாக்சி கம்பெனிதான். லாட்ஜ் அறையை சொந்தக்காரர்களே எடுத்துத் தங்கின மாதிரி!

விடாத போட்டி

இந்தியாவில் களம் ஏற்கனவே சூடு. டாட்டா நெக்சான் பேட்டரி கார் வி.எப்.6-ஐ விட விலை குறைவு. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்சர், பேட்டரிக்கு கிலோ மீட்டர் கணக்கில் வாடகை என்ற புது முறையில் ரூ.10 லட்சத்துக்குள் காரைக் கொடுத்து சந்தையை அள்ளியது. அதே ஆண்டு நவம்பரில் மகிந்திரா 2 புதிய பேட்டரி கார்களை அறிமுகம் செய்தது. 2025 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது.

பெட்ரோல் காரும் சும்மா இல்லை. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பேட்டரி காருக்கு பழைய 5 சதவீதமே. இதனால் இரண்டுக்கும் இருந்த வரி இடைவெளி சுருங்கியது.

உலக அளவில் சீனாவின் பி.ஒய்.டி. 2024-ல் மட்டும் 17 லட்சத்துக்கும் அதிகமான முழு பேட்டரி கார்களை விற்றது. பேட்டரியையும் அதுவே தயாரிப்பதால் அடக்க விலை குறைவு.

நம்பிக்கை இருக்கா?

இருக்கிறது. வின்பாஸ்ட் கார் விற்பனை 2023-ல் சுமார் 35 ஆயிரம். 2024-ல் 97 ஆயிரம். 2025-ல் அதைப்போல 2 மடங்கு. அறைகள் நிரம்பத் தொடங்கிவிட்டன என்று சொல்லலாம். அமெரிக்காவின் டெஸ்லாவும் 2003-ல் தொடங்கி, முழு ஆண்டு லாபம் பார்த்தது 2020-ல்தான்.

கவிழ்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் பிஸ்கர் கம்பெனி 2024 ஜூனில் திவாலானது. போர்டு மாதிரி ஜாம்பவானே 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிக்க, சென்னை மறைமலைநகர் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஷெவர்லே கார் விற்பனை 2017-ல் நின்றபோது செகண்ட் ஹேண்ட் விலை என்ன பாடுபட்டது என்பதை வாங்கி வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

எந்தக் கம்பெனி பேட்டரி காராக இருந்தாலும், பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை கிலோ மீட்டர் வாரண்டி, அது டாக்சிக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து ஒர்க்‌ஷாப் எத்தனை கிலோ மீட்டர் என்று பார்க்க வேண்டும். 2028 ஜூலை வரை தன் சார்ஜிங் நிலையங்களில் சார்ஜ் இலவசம் என்று வின்பாஸ்ட் அறிவித்தது. நல்ல சலுகைதான். ஆனால் நிலையம் நம்ம ஊர்ப்பக்கம் இருந்தால்தானே அது இலவசம்!

கொடை மலையை ஏற 20 யூனிட் போதும். நஷ்ட மலையை ஏற முதலாளியின் பணம் தீர்வதற்குள் விற்பனை பெருக வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் சில்லாநத்தம் தொழிலாளியின் சம்பளமும், கடன் வாங்கி கார் எடுக்கும் டிரைவரின் டியூவும் சேர்ந்தே இருக்கின்றன.