தூங்கினால்தான் சாப்பாடு கணக்கில் சேரும்

அதிகாலையில் கிளம்பி, காலை உணவையும் மதிய உணவையும் வழியிலேயே முடித்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார் கோரல். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மொத்த மளிகை நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். வழியில் சாப்பிட்ட செலவைத் தொழில் செலவு என்று காட்டி 1960, 1961ஆம் ஆண்டு வருமானத்தில் கழித்தார். வரித்துறை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967இல் வந்த அந்தத் தீர்ப்புதான் இன்றைக்கும் அந்நாட்டு லாரி ஓட்டுநர்களின் சாப்பாட்டுக் கணக்கை ஆள்கிறது.

வீட்டில் இருந்தாலும் பசிக்கத்தான் செய்யும். அப்படியிருக்க, எந்தச் சோறு சொந்தச் செலவு, எந்தச் சோறு தொழில் செலவு? மைலை வைத்துப் பிரிக்கலாம், மணியை வைத்துப் பிரிக்கலாம். வரித்துறை தூக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பயணத்தின் நடுவே தூங்கியோ ஓய்வெடுத்தோ ஆகவேண்டும் என்ற நிலை வந்தால்தான் உணவுச் செலவைக் கழிக்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்புகிற எல்லோரும் அப்போது ஒரே தட்டில் வந்துவிடுகிறார்கள் என்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அது சொன்ன இன்னொரு காரணம் இலக்கணம். சட்டம் உணவையும் தங்கலையும் சேர்த்தே சொல்கிறது. தங்கல் இல்லாத இடத்தில் உணவு மட்டும் தனியாக நிற்காது. ஓர் உம்மைக்கு இவ்வளவு பலமா என்று வியந்துபோனேன்.

வரித்துறை வெளியீட்டில் லாரி ஓட்டுநரையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். முனையத்திலிருந்து கிளம்பி, திரும்பும் இடத்தில் ஒரு மணி நேரம் சாப்பிட நின்று, அன்றே திரும்புகிறவருக்குக் கழிவு கிடையாது. வண்டிக்குள் சற்றுக் கண்ணயர்வதும் ஓய்வாகாது.

தூரப் பயணக்காரருக்கோ சட்டமே தூக்கத்தை விதிக்கிறது. சரக்கு லாரி ஓட்டுபவர் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அதற்கு முன் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் ஒரு மின்னணுக் கருவி இதைப் பதிவு செய்கிறது. களைத்த கண்கள் விபத்தில் முடியாமலிருக்க வந்த விதி இது. அந்தப் பதிவேடே வரிக் கணக்குக்கும் சாட்சியாகிறது. இந்த விதிக்குள் வருகிறவர்களுக்குச் சலுகையும் கூடுதல்: மற்ற தொழில்காரர்கள் உணவுச் செலவில் 50 சதவீதம் கழிக்கலாம் என்றால், இவர்கள் 80 சதவீதம் கழிக்கலாம். 1997இல் வந்த சட்டம் படிப்படியாக உயர்த்தி 2008இல் இந்த அளவுக்குக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு காப்பிக்கும் ரசீது சேர்க்கத் தேவையில்லை. நம் ஊர் லாரிக்காரர்கள் பேட்டா என்பார்களே, அதுபோல நாளொன்றுக்கு ஒரு தொகையை அரசே வைத்திருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து அது 80 டாலர். கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்கு, அதாவது 60 டாலர். திங்கள் கிளம்பி வெள்ளி திரும்பினால் மொத்தம் 360. அதில் 80 சதவீதமான 288 டாலர் வருமானத்திலிருந்து கழியும். எந்தத் தேதியில், எங்கே, எதற்காகப் போனோம் என்பதற்கு மட்டும் பதிவு வேண்டும்.

இதெல்லாம் சொந்த லாரி வைத்துத் தொழில் நடத்துபவருக்குத்தான். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு 2018இலேயே இந்தக் கதவு அடைபட்டது. 2025இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாகவே பூட்டிவிட்டது. நிறுவனம் மனம் வைத்து வரியில்லாத தினப்படி கொடுத்தால் உண்டு. அதே சாலை, அதே பசி, அதே தூக்கம். இந்தப் பாகுபாடு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வீட்டைவிட்டு வெளியே போனவருக்குத்தான் இந்தக் கழிவு. வரிச் சட்டத்தின் 'வீடு' என்பது பொதுவாகத் தொழில் நடக்கும் மைய இடம். பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் வீடாக அது இருக்க வேண்டியதில்லை. அப்படி மைய இடமும் இல்லாமல், வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு லாரியிலேயே வாழ்கிறவர், ஓட்டை முதுகில் சுமக்கும் ஆமை மாதிரி, போகுமிடமெல்லாம் வீட்டோடுதான் போகிறார். வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்கு வெளியூர்ச் சாப்பாடு ஏது? ஒரு டாலர்கூடக் கழியாது.

திரும்பி வர ஓர் இடமும் அதற்கான செலவும் உள்ளவர், இரவில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெர்த்தில் திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறார். அந்தப் படுக்கைக்கு வாடகை இல்லை. ஆகவே தங்கல் செலவு என்று கழிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தூங்கிய தூக்கம்தான் அன்றைய மூன்று வேளைச் சோற்றையும் கணக்கில் ஏற்றுகிறது.