முகமெல்லாம் ரத்தம்... யாருக்கு முதல் ஸ்ட்ரெச்சர்?

பறவை சீசன் வந்துவிட்டால் வேடந்தாங்கலுக்கு வேன்கள் வரிசைகட்டும். பெரும்பாலும் ஜி.எஸ்.டி. சாலையில் வந்து, படாளத்தில் திரும்புவார்கள். அந்தச் சாலையில் பொத்தேரி, சின்னகொளம்பாக்கம், மேல்மருவத்தூர் என வழிநெடுகப் பல் மருத்துவக் கல்லூரிகள். 'சொத்தைப் பல்லுக்குத்தானே' என்று கடந்துபோயிருப்பீர்கள். ஆனால், ஒரு வேன் கவிழ்ந்து 20 பேர் அடிபட்டு வந்தால், பல் மருத்துவம் படித்த ஒருவருக்கும் போன் போகும். முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர். பி.டி.எஸ். முடித்து, 3 ஆண்டு எம்.டி.எஸ். படித்தவர்.

முகத்தில் ரத்தக்குழாய்கள் அதிகம். சின்ன வெட்டுக்கே சட்டை நனைந்துவிடும். எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள். பக்கத்தில் சத்தமே இல்லாமல் வெளிறிப்போய்க் கிடப்பவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். எந்த முகம் காத்திருக்கலாம், எது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த நிபுணரின் முதல் வேலை. தையல் எல்லாம் பிறகுதான்.

காத்திருக்க முடியாதவர், கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்தவர். பிடிமானம் போன நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். ரத்தமும் உடைந்த பற்களும் வேறு. நினைவு இருந்தால் அவரே எழுந்து, முன்னால் குனிந்து உட்காரப் பார்ப்பார். நாம் என்ன செய்வோம்? 'படுங்க சார், படுங்க' என்று மல்லாக்கப் படுக்கவைப்போம். அதுதான் ஆபத்து.

முதல் உலகப்போரில், கெல்சி ஃபிரை என்ற டாக்டர் தாடை சிதைந்த ஒரு வீரரைத் தலை குனிந்தபடியே நடத்திக் கூட்டிவந்தார். ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்ததும் அந்த வீரர் மூச்சடைத்து இறந்துபோனார். பல் மருத்துவரான ஃபிரை, பிறகு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லீஸுடன் சேர்ந்து முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்.

மருத்துவமனையில் நாக்கை முன்னால் இழுத்துப் பிடிப்பார்கள். வாய் வழியே குழாய் போகாவிட்டால் தொண்டையில் துளையிடுவார்கள். மூக்கில் பஞ்சுத்துணி அடைத்து ரத்தத்தை நிறுத்துவார்கள். உடைந்த தாடையைக் கம்பியால் தற்காலிகமாகக் கட்டிவைத்துவிட்டு, ஆபரேஷன் டேபிளை வயிற்றுக் காயக்காரருக்கு விட்டுக்கொடுப்பார்கள். டைட்டானியம் பிளேட் வைப்பது வீக்கம் வடிந்த பிறகு. சில நாள்கள் ஆகலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பர் 18-ல் இதே மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. தாடை ஆபரேஷனோ அந்த 48 மணி நேரத்தைத் தாண்டிப் போகக்கூடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், முதல் நாளே அதைக் காட்டி விசாரித்துவிடுங்கள்.