உணவு நேரம் மாறும் ஊரில் நீரிழிவு மருந்து

வெளிநாட்டில் வாழும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோர், மருந்தை எத்தனை மாதத்திற்கு எடுத்துச் செல்வது என்றே பெரும்பாலும் எங்களிடம் கேட்கின்றனர். அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: அந்த ஊரில் எப்போது சாப்பிடுவார்கள்? நீரிழிவு உள்ளவருக்கு உணவும் மருந்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. உணவு நேரம் இடம் மாறினால் மருந்தும் உடன் மாற வேண்டும். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகப் பிரான்சு நாட்டின் கிராமப்புறத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பிரான்சு நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு அன்று. புதுச்சேரியும் காரைக்காலும் 1954இல் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தன. சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல் நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வழியாகவும், பின்னர்ப் படிப்புக்கும் வேலைக்கும் சென்றவர்கள் வழியாகவும், இன்று அங்கே உறவினரைக் கொண்ட குடும்பங்கள் நம் பக்கத்திலும் உள்ளன.

அந்த ஊரின் உணவு ஒழுங்கு

தா.பழூர் கடைத்தெருவில் நடுப்பகல் சாப்பாடு முடிந்த பின்னும் தேநீர், வடை, பிறகு மாலையில் பரோட்டா என ஏதேனும் ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக் கிராமத்தில் அவ்வாறு இல்லை. காலை உணவு மிக எளிது. ரொட்டி, வெண்ணெய், பழப்பாகு, காப்பி அவ்வளவே. நடுப்பகல் உணவு 12 மணி முதல் 2 மணிக்குள். அதன்பின் உணவகத்தின் சமையற்கூடம் மூடப்படும். இரவு உணவுக்காக மீண்டும் திறக்க ஏறத்தாழ 7 மணி ஆகும். சிறு ஊர்களில் மளிகைக் கடைகளும் நடுப்பகலில் கதவடைப்பதுண்டு. ஞாயிறு மாலையிலும் திங்களன்றும் பல உணவகங்கள் திறப்பதில்லை. ஆகவே, பிற்பகல் இரண்டரை மணிக்குப் பசியோடு ஒரு கிராமத்தை அடைபவர், மாலை வரை எதுவும் கிடைக்காமல் காத்திருக்க நேரலாம்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

பிரான்சு நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியுள்ளது. கோடைக் கணக்கைப் பாருங்கள். இங்கே பகல் 1 மணிக்கு உண்டு பழகிய உடல், அங்கே காலை ஒன்பதரைக்கே சோற்றைத் தேடும். இரவு 8 மணிக்குப் பழகிய பசி, அங்கே மாலை நாலரைக்கு எழும். அதுவே அங்குச் சமையற்கூடங்கள் மூடியிருக்கும் வேளை. அவர்கள் இரவு ஏழரைக்கு உண்ண அமரும்போது நம் உடலுக்கு இரவு 11 மணி ஆகியிருக்கும்.

இந்த நிலையில் ஒருவர் ஊர்க் கடிகாரத்தை நம்பி, நாலரை மணிக்கு இரவு மாத்திரையை விழுங்கினால், மாத்திரை வேலையைத் தொடங்கிவிடும். உணவு மூன்று மணி நேரம் கழித்தே வரும். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது இப்படித்தான். உயர்ந்த சர்க்கரை நாட்கணக்கில் தீங்கு செய்யும்; தாழ்ந்த சர்க்கரையோ நிமிடக் கணக்கில் நினைவிழக்கச் செய்துவிடும்.

மருந்துகள் எல்லாம் ஒரே வகையல்ல

முதல் வகை, உணவோடு கட்டுண்டவை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளும், வேளை உணவுக்கு முன் போடும் இன்சுலினும், 30/70 எனப்படும் கலவை இன்சுலினும் இதில் அடங்கும். இவற்றுக்குக் கடிகாரம் அளவுகோல் அன்று; உணவே அளவுகோல். உணவு வருவது உறுதியான பின்னரே இவற்றை எடுக்க வேண்டும். உண்பதற்கு அரை மணி முன் ஊசி போடுபவர், உணவகத்தில் அமர்ந்து, உணவைச் சொல்லி, குறைந்தது ரொட்டியாவது மேசைக்கு வந்ததை உறுதிசெய்துகொள்வது பாதுகாப்பானது.

இரண்டாம் வகை, கிளார்ஜின் போன்று நாள் முழுதும் மெதுவாகச் செயற்படும் இன்சுலின். இதனைத் தாமாக நிறுத்தக் கூடாது. மேற்கு நோக்கிப் பறக்கும் நாள் சில மணி நேரம் நீள்வதால், எந்த நேரத்தில் போடுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகை, மெட்ஃபார்மின். இது மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. ஆயினும் வயிற்றுத் தொல்லை வராதிருக்க உணவோடு எடுப்பதே நன்று.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னரே மருத்துவரைக் காணுங்கள். கடைசி நான்கு நாட்களில் ஒவ்வொரு நாளும் உணவையும் உறக்கத்தையும் அரை மணி நேரம் தள்ளிப்போட்டு வந்தால், இடைவெளியில் இரண்டு மணி நேரம் இங்கேயே குறைந்துவிடும். உணவோடு எடுக்கும் மருந்தும் அதனுடன் தள்ள வேண்டும்.

இன்சுலினையும் மாத்திரைகளையும் கைப்பையிலேயே வையுங்கள்; விமானத்தின் சரக்குப் பகுதியில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகக் கூடும். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 அலகு கொண்டவை. ஐரோப்பாவில் அது 100 அலகு. குப்பிக்கும் ஊசிக்குழலுக்கும் அளவு பொருந்தாவிட்டால் மருந்தளவு பெரிதும் பிழைபடும். எனவே, போதிய ஊசிக்குழல்களை இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள். பிரான்சில் இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பது வழக்கம். நம்முடைய 70 அங்கே 0.70, நம்முடைய 180 அங்கே 1.80.

இறைச்சி, பால், பாலில் செய்த பண்டங்கள் ஆகியவற்றைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுசெல்லத் தடை உள்ளது. நெய்ப் பலகாரங்களை நம்பிப் புறப்பட வேண்டா. பேரீச்சம்பழத்திற்குத் தடையில்லை, அது பையில் எப்போதும் இருக்கட்டும்.

அங்கே ஒரு நாள்

காலையில் ரொட்டிக் கடை முதலில் திறக்கும்; அன்றைய இடைவேளைக்கு வேண்டிய ரொட்டியை அப்போதே வாங்கி வையுங்கள். நடுப்பகல் உணவுக்குப் பன்னிரண்டரைக்குள் அமர்ந்துவிடுங்கள். வழியில் ஊர் சுற்றிப் பார்ப்பதாயின், சாப்பிட்ட பிறகு சுற்றுங்கள். மாலை 4 மணிக்குப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தரும் வழக்கம் உண்டு. நம் முதியோர்க்கும் அவ்வேளையில் ஒரு பழமோ சிறு துண்டு ரொட்டியோ பொருத்தமானது. மேசையில் வைக்கும் ரொட்டி மைதாவால் ஆனது என்பதையும் மறவாதீர்கள். உணவு வகை ஒவ்வொன்றாக வரும் வரை பசியில் ரொட்டியையே உண்டு முடித்தால் சர்க்கரை ஏறிவிடும். முதல் மூன்று நாட்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சர்க்கரையைச் சோதிப்பது நல்லது.

உடன் செல்வோர் அறிய வேண்டியது

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பார்வை மங்கல், காரணமற்ற கோபம், பேச்சுக் குழறல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். சில இரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். அவருக்கு வியர்வையே எச்சரிக்கை. அளவு 70க்குக் கீழ் இருந்தாலோ, சோதிக்க வழியில்லை என்றாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தேறியபின் ஏதேனும் உணவு தர வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவி அழையுங்கள். பிரான்சில் அவசர மருத்துவ எண் 15. ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான எண் 112. இங்கே 108.

பிரான்சுக்குச் செல்லாதவர்க்கும் இதுவே விதி. வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ விடியற்காலைப் பேருந்தில் புறப்படும்போதும், முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருக்கும்போதும், கோயில் விரதத்தின்போதும் உணவு தள்ளிப்போகிறது. வழக்கமான நேரம் வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை விழுங்காதீர்கள். உணவு எப்போது என்று கேளுங்கள். பிறகு மருந்தை எடுங்கள். உங்கள் பயண நாட்களையும் அங்குள்ள உணவு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், அதற்கேற்ற மருந்து அட்டவணையை நாங்கள் உடனமர்ந்து வகுத்துத் தருவோம்.