மஞ்சள் முளையின் தூது

பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று விடும் காலத்தே, ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி முளைகட்டும் உழவர்களுக்கு, இருளில் வெளுத்திருந்த முளை நாற்றங்காலில் வெயில் கண்டு பசுமை கொள்வது புதுமையன்று. இருட்டறையில் வளரும் அம்மன் கோயில் முளைப்பாரியும் மஞ்சளாய் நீண்டெழுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒளியில்லை, ஆதலால் பச்சையில்லை என்று சொல்லிவிடுவது சுலபம்; ஆனால் அந்த மஞ்சள் இலை வெறுங்கையோடு காத்திருப்பதில்லை.

பச்சையத்தை ஆக்கும் நீண்ட இரசாயனப் படிகளுள் ஏறக்குறைய கடைசிப்படி வரையில், நெல் போன்ற பூக்கும் தாவரங்கள் இருளிலேயே ஏறிவிடுகின்றன. அங்கே புரோட்டோகுளோரோபில்லைடு என்னும் முன்னோடிப் பொருள், தனக்குரிய நொதியோடு இணைந்து சூரிய கிரணத்தை எதிர்நோக்கி நிற்கிறது. கிரணம் பட்ட கணமே அது உருமாற, சில மணி நேரத்தில் இலை பச்சை பிடிக்கிறது. நொதியோடு இணையாமல் மிகுந்து கிடக்கும் முன்னோடியோ, ஒளிபட்டதும் உக்கிரமான ஒருவகை ஆக்ஸிஜனைத் தோற்றுவித்து உயிரணுவையே மாய்க்கவல்லது.

எனவே அளவு தவறலாகாது. பச்சையத்தைத் தாங்கவேண்டிய புரதங்கள் பலவற்றின் மரபணுக்களோ, அது உருவாகும் பசுங்கணிகத்தில் இல்லாமல் உட்கருவில் இருக்கின்றன. அடுக்களையிலிருந்து சொல் வராமல் பந்தியில் இலை போடுவாருண்டோ? அந்த மரபணுக்களை ஒளியுணர் நிறமியான பைட்டோகுரோம் தூண்டுவது உண்மையே. ஆயினும் பசுங்கணிகத்தின் சம்மதமும் வேண்டும்.

அச்சம்மதத்தைச் சுமந்து செல்லும் தூது, பச்சையத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக இருக்கலாகாதா? 1997இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பாசிக்கு மக்னீசியம் புரோட்டோபார்பிரின் என்ற இடைப்படிப் பொருளை இருளில் ஊட்டியபோது, வெப்பத்தாலும் ஒளியாலும் எழும் சில காப்புப் புரத மரபணுக்கள் அவ்விரண்டும் இன்றியே எழுந்தன. 2003இல், கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியின் பசுங்கணிகங்களைக் களைக்கொல்லியால் சிதைத்தபோது, அப்பொருளே திரண்டு உட்கருவின் மரபணுக்களை அடக்குகிறது என்று அமெரிக்காவிலிருந்து அறிவிப்பு வந்தது. அழகான விளக்கந்தான்; ஆனால் 2008இல் வேறிரு குழுவினர் அளந்து பார்த்து, அப்பொருளின் அளவுக்கும் மரபணுக்களின் நடத்தைக்கும் பொருத்தமில்லை என்றனர். அழகிய கொள்கையை அளவுகோல் கொண்டு மறுத்த அந்தக் கட்டத்தையே இவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதன்பின் கவனம் கிளை வழிக்குத் திரும்பியது. அப்பொருளுக்கு முந்தைய படியான புரோட்டோபார்பிரினில் மக்னீசியம் புகுந்தால் பச்சையம் நோக்கிச் செல்லும்; இரும்பு புகுந்தால், நம் குருதிக்குச் செம்மை தரும் ஹீம் ஆகிவிடும். பசுங்கணிகத்தின் ஒரு குறிப்பிட்ட நொதி ஆக்கும் ஹீமே மரபணுக்களுக்குச் சம்மதம் சொல்கிறது என்ற சான்று 2011இல் வெளிவந்தது.