செம்மண் தடத்துக்கு ஒரு கார்பன் சக்கரம்

புதுச்சேரியில் கிராவல் சைக்கிள் வாங்கியவர்களின் பேச்சு சில மாதங்களிலேயே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. ஆரோவில் பக்கம் ஏறினால் செம்மண்ணும் சரளையும் முந்திரித் தோப்பும்தான். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் ஓடியவர்களுக்கு அந்தத் தடம் தெரிந்திருக்கும். வண்டியோடு வந்த அலுமினியச் சக்கர ஜோடி ஏறக்குறைய 2 கிலோ. கார்பன் போட்டால் 1,500 கிராம்தான் என்று யாராவது சொன்னதும் மனசு அலைபாய ஆரம்பிக்கும்.

அந்த அரை கிலோவைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஊரில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பதே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்த ஆரோவில் மேடுதான். மூன்று நிமிட ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு நொடி. ரிம்மில் குறைகிற எடை, வேகம் எடுக்கும்போது இரண்டு மடங்காகத் தெரியும் என்பது உண்மை. வளைவுக்கு வளைவு மிதித்து எழும்ப வேண்டிய பந்தயத்தில் அது உதவும். ஆனாலும் எடைக்காக மட்டும் கார்பனுக்குப் பணம் கொடுப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

பணம் கொடுக்க வேண்டியது அகலத்துக்கு. 40, 45 மி.மீ. டயர் போடுகிறவருக்கு ரிம்மின் உள்ளகலம் 23 முதல் 25 மி.மீ. வேண்டும். அப்போதுதான் டயரின் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், வளைவில் மடங்காது. 70 கிலோ ஆள் காற்றை 35 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி, சரளையில் குலுங்காமல் போகலாம். இந்த அகலம் அலுமினியத்திலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. உங்களிடம் ஏற்கெனவே அப்படிப்பட்ட ரிம் இருந்தால் நல்ல டயர் இரண்டு வாங்கிப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

கார்பன்தான் என்று முடிவு செய்தவர்கள் 'ஹூக்லெஸ்' என்ற சொல்லைப் பார்ப்பார்கள். டயரைப் பிடிக்கிற கொக்கி விளிம்பில் இல்லாத ரிம் அது. செய்வது எளிது, அதனால் விலை குறையும். 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக்கூடாது. டயரும் அதற்கு ஏற்றது என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். செம்மண்ணில் இந்த வரம்பை நெருங்கவே மாட்டோம். ஆனால் நம்மில் பலருக்கு ஒரே சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒல்லி டயர் மாட்டி மாமல்லபுரம் வரை போகிறவர் கொக்கி வைத்த ரிம்மையே கேட்டு வாங்கட்டும். ரிம்மின் ஆழமும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, மதியக் கடற்காற்று குறுக்கே அடிக்கிறது. 50 மி.மீ. ஆழ ரிம் பார்க்க அழகு, காற்றில் கைப்பிடியைப் பிடுங்கும். 30, 35 போதும்.

மலிவான சக்கரத்தில் கம்பெனி மிச்சம் பிடிக்கிற இடம் பெரும்பாலும் ரிம் அல்ல, ஹப். செம்மண் தூள் மாவு மாதிரி, எங்கும் நுழையும். ஐப்பசி மழையில் குழம்பாகி ஒட்டும். டிடி ஸ்விஸ் 350 போன்ற ஹப்பை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே இழுத்துத் திறந்து, துடைத்து, கிரீஸ் வைத்து மூடலாம். பெயர் தெரியாத ஹப்பானால் பேரிங் எண்ணையும் உதிரி கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஸ்போக்ஸ் விஷயத்தில் நம் பழைய 28 அங்குல வண்டியை நினைத்துக்கொள்வது நல்லது. முன்னால் 32, பின்னால் 40. ஒன்று அறுந்தாலும் வீடு வந்து சேரலாம், தெருமுனைக் கடையில் கோட்டம் எடுத்துவிடுவார்கள். கார்பன் சக்கரத்தில் 24தான், ஒன்று போனாலே ஆட்டம் தெரியும். அந்தக் கடையின் கம்பியும் இதற்குச் சேராது, ரிம்மும் சேராது: அது 635 மி.மீ. அளவு, நம்முடையது 622. இந்த 622க்கு வழங்குகிற 700சி என்ற பெயர் பழைய பிரெஞ்சு டயர் அளவுமுறையிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் ஓடியதென்னவோ இங்கிலீஷ் அளவு!

கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். அதனால் ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள் அலுமினியத்தில் வேண்டாம், பித்தளையில் கேளுங்கள். ஜோடிக்கு 40 கிராம் கூடினால் கூடட்டும். சீமைக் கருவேல முள்ளுக்கு டியூப்லெஸ்ஸும் சீலன்ட் திரவமும் கட்டாயம். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

சீனத் தயாரிப்பாளர்களிடம் நேரடியாக வாங்கினால் ஜோடி 400 முதல் 700 டாலர் வரை ஆகிறது. சுங்கவரியைப் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதன் மேல் ஜிஎஸ்டி, கூரியர்காரர் கட்டணம். அலுமினிய ரிம் கல்லில் மோதினால் நசுங்கும், கார்பன் விரியும். விரிந்தால் சலுகை விலையில் மாற்று ரிம் தருவார்களா, போக வர அனுப்புகிற செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு அளவு, டிஸ்க் பொருத்தும் முறை, ஃப்ரீஹப் வகை மூன்றும் இப்போதைய சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்டர் போடும்போதே இரண்டு பக்க நீளத்திலும் நான்கு நான்கு ஸ்போக்ஸ் கூடுதலாகப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.