அருவியின் அருகே தாகம்

அம்மையார்குப்பத்தாருக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தறிச் சத்தத்தோடு விடியும் ஊர் நம்முடையது. மழை பெய்த ஆண்டில் ஏரி நிறையும். பொய்த்த ஆண்டில் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆந்திர எல்லையைக் கடந்து கயிலாசகோனை அருவியில் தலை நனைத்து வருவதே நமக்குப் பெரும் பேறு. அத்தகைய நாம், குடும்பத்தாரோடு இலங்கையின் மலைநாட்டிற்குச் சென்று, ஐந்தாறு நாள்கள் அருவிகளையே கண்டு திரும்பினோம். கண்ட காட்சியையும், அதனோடு நெஞ்சில் தங்கிவிட்ட ஒரு கேள்வியையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கண்டி மாநகரில் பயணத்தைத் தொடங்கினோம். கத்தோலிக்கருக்கு அது புனித யோசேப் வாஸ் அடிகளாரின் நகரம். கோவாவில் பிறந்து, 1687-இல் இலங்கை சேர்ந்து, ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த மக்களைத் தேடித் தேடிப் பேணியவர் அவர். 1711-இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015-ஆம் ஆண்டு சனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கடும் வறட்சியில் கண்டி வாடியபோது, அடிகளார் வெட்டவெளியில் சிலுவையை நிறுத்தி முழந்தாட்படியிட்டு மன்றாட, மழை கொட்டியது என்று வழிவழியாகக் கூறுவர். நீரைத் தேடிச் செல்லும் பயணத்திற்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேறேது?

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் சாலையிலேயே 109 மீட்டர் உயரமுள்ள ரம்பொடை அருவி நம்மை வரவேற்றது. இச்சிறிய தீவில் இத்தனை அருவிகள் எப்படி அமைந்தன? தீவின் நடுவே மலைகள் படிப்படியாக எழும்பி நிற்கின்றன. உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீட்டர் உயரமுடையது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவை நனைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கிறது. கடினமான பாறைப் படிகளின் விளிம்பை அடையும் ஆறுகள் வேறு வழியின்றிக் குதித்து இறங்குகின்றன. ஆகவே காணச் செல்வோர் மேற்கே ஆனி, ஆடி மாதங்களையும், கிழக்கே கார்த்திகை, மார்கழி மாதங்களையும் நாடுவது நலம்.

மறுநாள் தலவாக்கலையை நெருங்கினோம். சாலையின் ஒரு வளைவில் 97 மீட்டர் உயரமுள்ள டெவன் அருவி. சிறிது தொலைவில் அகன்று விரிந்த சென் கிளயர் அருவி. பின்னதன் பெயரைக் கேட்டதும் புனித கிளாராவை எண்ணி மகிழ்ந்தோம். ஆயின் அது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் என்று அறிந்தோம். தறியிலிருந்து அப்போதுதான் இறக்கி மலையின்மேல் உலர்த்திய வெள்ளைப் புடவை போல அது தோன்றியது. எனினும், இன்று அதன் பாய்ச்சல் முழுமையானதன்று. மேல் கொத்மலை மின்திட்டம் 2012-இல் நிறைவுற்றது. 150 மெகாவாட் மின்சாரத்திற்காக ஆற்றுநீர் சுரங்கத்தில் திருப்பப்படுகிறது. அழகு முற்றும் அழிந்துவிடாதிருக்கப் பகல் வேளையில் ஓரளவு நீர் அருவிக்கு விடப்படும் என்பது ஏற்பாடு.

சாலையோரச் சரிவில் முதியவர் ஒருவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நம் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"இந்தியாவிலிருந்தா வர்றீங்க, ஐயா? எங்க தாத்தா சேலத்துப் பக்கமாம். ஊர்ப் பேருதான் தெரியாமப் போச்சு."

"அருவிக்கு இவ்வளவு அருகில் இருக்கிறீர்களே அம்மா, தண்ணீருக்குக் குறைவிராதே?" என்றோம்.

அவர் சிரித்தார். "ஆத்துத் தண்ணி கரண்டுக்குப் போகுது, ஐயா. எங்களுக்குப் பீலித் தண்ணிதான். வெயில் காலத்துல அது நூலாட்டம் ஒழுகும். குடம் நிறையக் காத்துக் கிடக்கணும்."

மலைச் சுனையிலிருந்து குழாய் வழியே வடியும் நீரை அங்கே 'பீலி' என்கின்றனர். உலகம் வியக்கும் அருவிக்கு எதிரிலும் வரிசையில் குடங்கள்! அம்மையார்குப்பத்தைவிட்டு நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை என்று தோன்றிற்று.

அந்த அம்மாளின் முன்னோர் யாவர்? 1820-களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறியவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். 1869-இல் பரவத் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலையைத் தோட்டமாக்கிய அம்மக்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இல் சாஸ்திரி-சிறிமாவோ உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். அங்கேயே தங்கிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

பதுளை அருகே, பனிபோல் நீர்த்துளி பறக்கும் துன்ஹிந்த அருவியைக் கண்டபின் தெற்கே இறங்கினோம். வெல்லவாயவைக் கடந்ததும் தியலும அருவி. 220 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். அங்கிருந்து கொஸ்லந்தை மிக அருகில். அவ்வூரைச் சேர்ந்த மீரியபெத்தை தோட்டத்தில் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலை, தொடர்மழையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அபாயம் உண்டென்று முன்னரே எச்சரித்திருந்தனர். எனினும் அம்மக்கள் அங்கேயே வாழ்ந்திருந்தனர். பள்ளிக்குச் சென்றதால் உயிர் பிழைத்த பிள்ளைகள், வீடு இருந்த இடத்தில் சேற்றையே கண்டனர். அருவிக்கு உயிர் தரும் அதே மழைதான் அது. மழையின்மேல் பழி சுமத்த நம்மால் இயலவில்லை. பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தால் என்ற எண்ணமே நெஞ்சை அறுத்தது.

கடைசி நாளன்று, இலங்கையின் மிக உயர்ந்த அருவியாகிய பம்பரகந்தவின் அடியில் நின்றோம், 263 மீட்டர். நாற்பத்திரண்டாம் திருப்பாடல் நினைவுக்கு வந்தது. அருவிகளின் முழக்கத்தைக் கேட்ட அதே அடியார்தான், நீருக்கு ஏங்கும் மானாகவும் தம்மைக் காண்கிறார். முழக்கமும் தாகமும் ஒரே பாடலில் இருப்பதன் பொருள் அன்று நமக்கு விளங்கிற்று. தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் கூறுவதும் இதையன்றோ!

அன்பர்களே, வாய்ப்புள்ளோர் அவசியம் சென்று வாருங்கள். வழுக்குப் பாறையில் ஏறாதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அட்டைக்கடிக்குச் சிறிது உப்பு எடுத்துச் செல்லுங்கள். அருவியைப் படம் பிடித்தபின், திரும்பி நின்று அருகிலுள்ள லயனையும் பாருங்கள். கொழுந்து பறிப்பவரிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள்; தாத்தாவின் ஊரைக் கேளுங்கள். அவர்கள் நமக்கு அயலாரல்லர்.

நம் வீட்டில் இப்போது தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பீலியருகே காத்திருக்கும் குடங்கள் நினைவுக்கு வருகின்றன. குழாயைத் திறந்துவிட்டுப் போகும் நம் பிள்ளைகளும், இப்போது திரும்பி வந்து அதை மூடுகிறார்கள்.